பைக்குப் பின்னால் செய்தித்தாள்

சட்டைக்கு இரண்டு கை. ஒன்று இடது, ஒன்று வலது. இதைப் போய் வாழ்நாள் முழுக்கத் துணி வெட்டிய கட்டிங் மாஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்று காலை, வெட்டிக் கட்டிய கட்டுகளைப் பிரித்துத் தையல் மெஷின்களுக்குக் கொடுத்த கொஞ்ச நேரத்தில், காஜா அக்கா தன் இடத்தை விட்டு எழுந்து வந்து கட்டிங் மேஜையின்மேல் இரண்டு கைத்துண்டுகளை அருகருகே வைத்தாள். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் மெஷினில் உட்காருவதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் வாய்க்கும் அந்த மெஷினின் வேகம் உண்டு.

“மாஸ்டர், இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு ரெண்டுமே இடது கையா?”

பெண்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். அந்தக் கூடத்தில் அவரைக் கேலி பேசும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. சிரித்துக்கொண்டே இரண்டு துண்டுகளையும் எடுத்து, நல்ல பக்கம் மேலே தெரிய ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். பிசிறில்லாமல் பொருந்தின. பொருந்தவே கூடாது. அவர் இன்னொரு கட்டிலிருந்து இரண்டை உருவி வைத்துப் பார்த்தார். அவையும் பொருந்தின. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

நடந்தது இவ்வளவுதான். நல்ல பக்கம், பின்பக்கம் என்று பிரிவு உள்ள துணியை மேஜையில் அடுக்கடுக்காக விரித்து, மேல் அடுக்கில் கை வடிவில் வெட்டிய அட்டையை வைத்து ஒரு கைக்குக் கோடு போட வேண்டும். பிறகு அட்டையைப் புரட்டிப் போட்டு மறு கைக்குக் கோடு போட வேண்டும். மாஸ்டர் புரட்டவில்லை. பிறகு கத்தி மெஷின் ஒரே ஓட்டத்தில் அத்தனை அடுக்கையும் அறுத்துத் தள்ளிவிட்டது. சீருடை கேட்ட பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்கூட இல்லை. மேஜை நிறைய இடது கைகள் கிடந்தன.

“துணி விரிச்சது யாரு?” என்றார் மாஸ்டர்.

யார் விரித்திருந்தாலும் வலது கை இடது கையாகாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“நான்தான் விரிச்சேன்,” என்றாள் அவர் மனைவி. அவளைக் கூடத்தில் மாஸ்டரம்மா என்பார்கள். “சீக்கிரம் சீக்கிரம்னு உங்களைப் போட்டு நெருக்குனதும் நான்தான். விடுங்க. மீதித் துணியில வலது கையை வெட்டிக்கலாம்.”

“மீதி எங்க இருக்கு?”

“இருக்கு. நான் பாத்துக்கறேன்.”

நான் பாத்துக்கறேன் என்ற பேச்சுக்குள் எத்தனையோ வீடுகள் எத்தனையோ விஷயங்களைப் போட்டு மூடி வைத்திருக்கின்றன. மாஸ்டரம்மாவும் சில மாதங்களாக அதைத்தான் செய்துவந்தாள். காலர் அளவு ஒரு சுற்று பெரிதாக வந்தபோது, பாக்கெட் துண்டு விட்டுப்போனபோது, ஒரு துணிக்கட்டை எடுத்துக்கொண்டு நடந்தவர் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று நின்றபோதும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதற்கு முந்தின மாதங்களில் என்னென்ன என்று அவளுக்கே கணக்கில்லை.

ஆர்டர் பிடிப்பதும் சரக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவள் தம்பியின் வேலை. விஷயம் காதுக்குப் போனதும் வேனை வாசலில் அரைகுறையாக நிறுத்திவிட்டு வந்தான். அக்காவைத் துணிச் சுருள்கள் அடுக்கியிருந்த மூலைக்குக் கூட்டிப்போனான்.

“அக்கா, மாமாவை மேஜையிலேருந்து எறக்கு.”

“மெதுவாப் பேசு.”

“மெதுவாவே சொல்றேன். எறக்கு. துணி போனா போகுது. அந்தக் கத்தி மெஷின் நாளைக்கு அவர் விரலைப் பாத்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“ஒரு தடவை தப்பு நடந்துச்சு. உனக்கு நடக்காததா? போன வருஷம் சரக்கை வேற கடையில எறக்கிட்டு வரலையா நீ?”

“நான் எறக்கினேன். திரும்ப ஏத்திட்டு வந்தேன். இது அப்படியா? அக்கா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இது ஒரு தடவைதானா?”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சுருள் ஒன்றின் ஓரத்தில் தொங்கிய நூலை இழுத்து அறுத்தாள்.

“அவர் ஞாபக சக்தி உனக்குத் தெரியாதாடா,” என்றாள்.

அதுதான் சங்கடமே. மத்தியானச் சாப்பாட்டில் அவனே அதைப் பார்த்தான். மாஸ்டருக்கு உப்பில்லாத சோறு, வேகவைத்து நீரை வடித்த காய், மஞ்சள் கரு எடுத்த முட்டை. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு சின்ன டம்ளர். அவர் வாயைக் கிளறிப் பார்க்க நினைத்து, எப்போதோ ஒரு வக்கீலுக்கு அவர் தைத்த கோட்டைப் பற்றிப் பேச்செடுத்தான்.

“எந்த வக்கீல்? குள்ளமா, மூக்குல மச்சம் வச்சவரா? அவருக்கு இடது தோள் அரை இன்ச் எறக்கம் மாப்பிள்ளை. முதல் ட்ரையல்ல கண்டுபிடிச்சேன். அவர் வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது. அன்னைக்கு மழை. நீ சைக்கிள்ல வந்து வழுக்கி விழுந்து கால்சட்டை கிழிஞ்சு, நான்தான் உக்காந்து தச்சுக் கொடுத்தேன். நீல நூல் இல்லைன்னு கறுப்பு நூல்ல தச்சேன். ஞாபகமிருக்கா?”

அவனுக்கு ஞாபகமில்லை. கறுப்பு நூல் என்றதும்தான் வந்தது. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே அக்காவைப் பார்த்தான். அவள் பாத்தியா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள். அந்தத் தூக்கலில் பெருமையும் பயமும் சரிபாதி இருந்தன.

ஏனென்றால் டாக்டர் சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன், மாஸ்டரின் இரண்டு கிட்னியும் இனி உதவாது என்றாகி, வயிற்றில் குழாய் வைத்த நாட்களில், எடை பார்க்க அவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் அவளிடம் சொன்னார். “கிட்னியிலயும் மூளையிலயும் நூல் மாதிரி மெல்லிசான ரத்தக்குழாய்ங்கதாம்மா. அங்க கெட்டா இங்கயும் கொஞ்சம் கெடலாம். ரத்தத்துல தேங்கற கழிவும் மூளையை மந்தமாக்கும். எல்லாருக்கும் வராது. பழைய ஞாபகம் போயிரும்னு நினைச்சுக்காதீங்க, அது நல்லாவே இருக்கும். ஒரு வேலையை வரிசையாச் செய்யறது, ஒண்ணுலேருந்து அடுத்ததுக்கு மாறுறது, அங்கதான் முதல்ல இடிக்கும். அப்படி ஏதாச்சும் தெரிஞ்சா மறைக்காம சொல்லுங்க.” சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வந்தவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மாஸ்டர் ஆஸ்பத்திரி மெஷினில் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். வீட்டிலேயே செய்துகொள்ளும் பை வைத்தியத்தை எடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு நான்கு தடவை வயிற்றில் கிடக்கும் பழைய நீரை வடித்துவிட்டு, கொக்கியில் தொங்கும் பையிலிருந்து புது நீரை இறக்கிக்கொள்ள வேண்டும். கழிவை அந்த நீர் வாங்கிக்கொள்ளும். சொல்ல எளிது. ஒரே ஒரு கிருமி குழாய் வழியாக உள்ளே போனால் வயிறே புண்ணாகிவிடும், ஆளே போய்விடலாம். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசை. கதவைச் சாத்தணும், ஃபேனை நிறுத்தணும், மாஸ்க் போடணும், கை கழுவணும், அப்புறம்தான் குழாயைத் தொடணும். கடைசியில் புது மூடியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து எதிலும் படாமல் நேரே குழாய் நுனியில் திருக வேண்டும்.

பட்டன் பெட்டிகளும் நூல்கண்டுகளும் வைத்திருந்த பின்னறையை மாஸ்டரம்மா காலி செய்து, டைல்ஸ் ஒட்டி, கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி பதிக்கச் சொன்னாள். கூடத்தில் எந்நேரமும் துணிப்பஞ்சு பறக்கும். பை மாற்றும்போது அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். உதவி வேண்டுமா என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். “என் வயிறு. என் பை. நீ உன் மெஷினைப் பாரு,” என்பார். மற்ற எல்லா வேலையிலும் யாராவது தன்னைத் திருத்துகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்த அறை ஒன்றுதான் அவர் ராஜ்ஜியம்.

இடது கை விவகாரத்துக்கு மறுநாள், தைத்த சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போன மாஸ்டரம்மா கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். எப்போதும் பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் பார்க்கிறாள்.

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பை காலியாகித் தொங்கியது. மாஸ்க் தாடைக்குக் கீழே கிடந்தது. இடது கையில் குழாயின் நுனி, மூடியில்லாமல் திறந்திருந்தது. அதில் போட வேண்டிய புது மூடி அவர் உதட்டில் இருந்தது.

குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் துணியைச் சரிசெய்வது தையல் வேலைக்காரர்களின் பழக்கம். அவருக்குப் பையன் வயதிலிருந்து அந்தப் பழக்கம். பை வந்து இரண்டு வருடம்தான். புதிதாகப் படித்தது கழன்றுகொள்ள, பழையது தன் பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

அவள் கதவைத் தள்ளக் கையைத் தூக்கினாள். பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, பஞ்சு பறந்துகொண்டிருந்தது. குழாய் திறந்திருக்கிறது. கதவைத் திறந்தால் பஞ்சும் உள்ளே போகும். கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். இருக்கிறேன், வருகிறேன் என்பதுபோலக் கையசைத்தார். உதட்டிலிருந்து மூடியை எடுத்தார். திருகினார்.

அவர் வெளியே வந்ததும் கேட்டாள்.

“என்னங்க, மூடியை வாயில வச்சிருந்தீங்க.”

“எந்த மூடி?”

“இப்ப குழாயில போட்டீங்களே, அதை.”

“வாயிலயா? நானா? போடி, கண்ணாடி பளபளப்புல எதையாச்சும் பாத்திருப்பே.”

“மாஸ்க் தாடையில கெடந்துச்சு.”

“எல்லாம் முடிஞ்சப்புறம் எறக்கினேன்.”

“முடியறதுக்கு முன்னாடிங்க. நான் பாத்துட்டே நின்னேன்.”

“அப்போ நான் பொய் சொல்றேனா?” குரல் கூடத்தின் மறு கோடி வரைக்கும் போனது. மெஷின்கள் ஓடின, ஆனால் துணி நகரவில்லை. “ரெண்டு வருஷமா ஒரு காய்ச்சல் உண்டா எனக்கு? அந்த ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்கு வயிறு கெட்டுச்சு, எனக்குக் கெட்டுச்சா? ஒரு கை தப்பா வெட்டிட்டேன், ஒத்துக்கறேன். அதுக்காக இனிமே நான் மூச்சு விடறதையும் நீ கண்ணாடியில பாத்துதான் சொல்லணுமா?”

“நாளைக்கு செக்கப்தானே. சிஸ்டர்கிட்ட கேப்போம்.”

“கேளு. நல்லாக் கேளு.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் சிஸ்டர்தான் கேட்டாள். அவளுக்கு மாஸ்டரைப் பிடிக்கும். அவள் யூனிஃபார்மின் இடுப்பைப் பார்த்த மாத்திரத்தில் சரியில்லை என்று சொல்லி, அடுத்த முறை வந்தபோது பிரித்துத் தைத்தும் கொடுத்தவர் அவர்.

“ஐயா, பை மாத்தறதை ஒரு தடவை சொல்லுங்க, கேப்போம்.”

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கதவு ஜன்னல் சாத்தணும். ஃபேன் நிறுத்தணும். மேஜையைத் துடைக்கணும். பையோட தேதி, ஒழுகல் பாக்கணும். மாஸ்க். கை கழுவறது விரல் இடுக்கு, நகக்கண் வரைக்கும். குழாயை மாட்டி பழைய நீரை வடிச்சு, புது நீரை எறக்கி, கிளிப் போட்டு, புது மூடி. வடிஞ்ச பைக்குப் பின்னால பேப்பரை வச்சுப் பாக்கணும். எழுத்து தெரிஞ்சா நீர் தெளிவு. தெரியலைன்னா கலங்கல், உடனே ஓடி வரணும்.”

தடுமாற்றமே இல்லை. சிஸ்டர் அடுத்த படுக்கையில் இருந்தவரிடம் திரும்பினாள். “பாத்தீங்களா? இந்த ஐயா மாதிரி பத்துப் பேர் இருந்தா எனக்கு வேலையே இல்ல.” பிறகு மாஸ்டரம்மாவிடம் கேட்டாள். “வீட்ல ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதாம்மா?”

மாஸ்டர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இருந்திருந்தால்கூட அவள் சொல்லியிருப்பாள். கெஞ்சல் இருந்தது. வேற்று ஆட்களுக்கு முன்னால் அவள் ஒரு நாளும் அவர் பேச்சை மறுத்ததில்லை. அதுவும் முந்தாநாள்தான் கூடமே அவரைப் பார்த்துச் சிரித்தது. அவளுக்கு அவர்மேல் இரக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. நல்ல இரக்கம், வரக்கூடாத நேரத்தில் வந்தது.

“இல்ல சிஸ்டர். நல்லாத்தான் இருக்காரு,” என்றாள்.

திரும்பும்போது மாஸ்டர் வழி நெடுக சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. துணி நமுத்துப்போய் கத்தி சீராக ஓடவில்லை. தைத்த சட்டைகளை இஸ்திரி போட்டால் ஆவிதான் வந்தது. தம்பி வலது கைகளுக்குத் துணி தேடி நனைந்துகொண்டே கடை கடையாக அலைந்தான். நிறம் ஒத்துவந்தால் நெய்தல் ஒத்துவரவில்லை. ஒருவழியாகக் கொண்டுவந்த சுருளை மாஸ்டர் விரலால் தேய்த்துப் பார்த்து, “பரவாயில்ல, ஒரு சலவைக்கப்புறம் வித்தியாசம் தெரியாது,” என்றார். கோடு போட்டது மாஸ்டரம்மா. வெட்டியதும் அவள்தான். அவர் மேஜை ஓரத்தில் நின்றுகொண்டு பார்த்தார்.

அந்தக் கூடத்தில் காலையில் மெஷின்களுக்கு நூல் கோக்கும் நேரத்தில் மாஸ்டர் செய்தித்தாளை உரக்கப் படிப்பது வழக்கம். செக்கப்புக்குப் போய்வந்த மூன்றாம் நாளும் படித்தார். பாலத்தின்மேல் லாரி கவிழ்ந்த செய்தியைப் படித்தபோது காஜா அக்கா, “டிரைவருக்கு ரெண்டும் இடது கையா இருந்திருக்கும்,” என்றாள். அவர் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சோற்றைத் தொடவில்லை. மாஸ்டரம்மா நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது.

“மழைக் குளிருக்கு உடம்பு கொஞ்சம் சூடா இருக்கும். அதுக்கென்ன இப்ப?”

“வயிறு வலிக்குதா?”

“சாப்பிடலைன்னா வலிக்காதா?”

“இன்னைக்கு நானும் உள்ள வரேன்.”

மறுக்கப்போகிறார் என்று நினைத்தாள். மறுக்கத் தெம்பில்லை போலும். “வா. வந்து வேடிக்கை பாரு,” என்றார்.

அவள் மாஸ்க் போட்டுக் கை கழுவிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவர் மாஸ்க் போடாமல் குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோனபோது, “மாஸ்க்,” என்றாள். போட்டார். கை கழுவாமல் திரும்பியபோது, “கை,” என்றாள். கழுவினார். அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. பழைய நீர் கீழே இருந்த காலிப் பையில் இறங்க ஆரம்பித்தது. மழைச் சத்தத்தில் அது இறங்குவதே கேட்கவில்லை. வடிந்து முடியும் வரைக்கும் இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மாஸ்டர் பையைத் தூக்கி, ஸ்டூலில் கிடந்த செய்தித்தாளுக்கு முன்னால் பிடித்தார்.

“எழுத்து தெரியுது,” என்றார். “பாலத்தில் லாரி கவிழ்ந்தது. போக்குவரத்து ஐந்து மணி நேரம் நின்றது. பாத்தியா? எவ்வளவு தெளிவாத் தெரியுது.”

அவள் குனிந்து பார்த்தாள். பையில் இருந்தது சோறு வடித்த கஞ்சித் தண்ணீர். அதற்குப் பின்னால் லாரியும் இல்லை, பாலமும் இல்லை. தாள் இருப்பதே தெரியவில்லை. ஆனால் அவர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. அவர் கண் உண்மையிலேயே அந்த எழுத்துகளின்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வாதாடவில்லை. அலமாரித் தட்டில் விரித்திருந்த ஏதோ பழைய தாளை உருவி, பைக்குப் பின்னால் நீட்டினாள்.

“இதைப் படிங்க.”

அவர் பார்த்தார். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை.

“வெளிச்சம் பத்தல.”

அவள் டியூப் லைட்டைப் போட்டாள். “இப்ப படிங்க.”

மழை பெய்துகொண்டே இருந்தது. அவர் பையை இறக்கித் தாளை நேராகப் பார்த்தார். பையைத் தூக்கி அதன் வழியே பார்த்தார். மறுபடி இறக்கினார். துணியின் நல்ல பக்கம் எது என்று தேடுகிறவரைப்போல இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“அந்த லாரி,” என்றார். “அதை நான் இப்பப் படிச்சேனா, காலையில படிச்சதைச் சொன்னேனா?”

“காலையில படிச்சதைச் சொன்னீங்க.”

“எனக்குத் தெரிஞ்சுதே.”

“உங்களுக்குத் தெரிஞ்சுதுங்க.”

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், “மாப்பிள்ளையைக் கூப்பிடு. இந்தப் பையையும் எடுத்துக்க. பாக்கணும்னு கேப்பாங்க.”

குழாயை அவள்தான் கழற்றினாள். புது மூடியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து நேரே திருகினாள். அவர் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தடுக்காமல் இருந்தார்.

வேனின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் மாஸ்டர் பல்லைக் கடித்தார். வைப்பர் போதாமல் தம்பி கையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான். சந்திப்பில் வண்டிகள் நின்றுவிட்டன.

“இந்தா,” என்றார் மாஸ்டர். “அங்க போனதும் என்கிட்டதான் கேள்வி கேப்பாங்க.”

“ஆமா.”

“நான் நல்லாச் சொல்லுவேன். எல்லாத்தையும் வரிசையாச் சொல்லுவேன். அவங்க நம்பிருவாங்க. அன்னைக்கு அந்தப் பொண்ணு நம்புச்சுல்ல.”

அவள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நீ விட்டுறாதே. இல்லைன்னு சொல்லு.”

“சொல்றேன்.”

“எனக்குக் கோவம் வரும். உன்னை ஏதாவது சொல்லுவேன். கத்தினாலும் கத்துவேன். அப்பவும் விடாதே. மாப்பிள்ளை, நீயும் கேட்டுக்க.”

“சரி மாமா,” என்றான் தம்பி. முன்னாலிருந்த வண்டி நகர்ந்து வெகு நேரமாகியிருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அவசர வார்டில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். மாஸ்டரை அதற்கு முன் பார்த்ததில்லை. பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது. நீரைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வயிற்றை அழுத்திப் பார்த்தார். மாஸ்டர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கிருமி உள்ள போயிருக்கு ஐயா. மருந்தைப் பையிலயே கலந்து இப்பவே ஆரம்பிக்கறோம். எப்படிப் போச்சுன்னு தெரியணும். பை மாத்தும்போது மாஸ்க் போடுவீங்களா?”

“போடாம என்ன? கதவு ஜன்னல் சாத்தணும். ஃபேன் நிறுத்தணும். மேஜையைத் துடைக்கணும். மாஸ்க். கை கழுவறது விரல் இடுக்கு, நகக்கண் வரைக்கும்...”

காய்ச்சலில் குரல் நடுங்கியது. வரிசை நடுங்கவில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டே எழுதினார். எழுத எழுத அவர் முகத்தில் மரியாதை ஏறியது. கேட்கிற எவருக்கும் ஏறும்.

“எந்தத் தப்பும் நடக்கல,” என்று முடித்தார் மாஸ்டர்.

“இல்லீங்க டாக்டர்,” என்றாள் மாஸ்டரம்மா.

டாக்டர் நிமிர்ந்தார்.

“இவர் சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா செய்யறது அப்படி இல்லீங்க. மாறிப்போகுது. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

“என்ன தெரியும் உனக்கு?” மாஸ்டர் கட்டிலில் எழப் பார்த்தார். “தையல்மெஷின் மிதிக்கறவ நீ. உனக்கென்ன தெரியும்? டாக்டர், இவளும் இவ தம்பியும் சேர்ந்து என்னை வேலையிலேருந்து தள்ளப் பாக்கறாங்க. வாயை மூடுடி.”

தம்பி வார்டின் வாசலில் நின்றிருந்தான். அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டரம்மாவுக்குக் காது சிவந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. வேனில் பேசியது இவருக்கு நினைவிருக்கிறதா, இல்லை அதுவும் போய்விட்டதா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் அவள் சொல்லியாக வேண்டும். முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தாள்.

“நாலு நாளைக்கு முன்னாடி நான் கண்ணாடி வழியாப் பாத்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. அது என் தப்பு. பை முடிஞ்சு குழாயைக் கழட்டினாரு. மூடிப் பாக்கெட்டைப் பிரிச்சாரு. மூடியை எடுத்து வாயில வச்சுக்கிட்டாரு. அப்புறம் மாஸ்க்கைக் கீழ எறக்கினாரு. அந்த மூடியைத்தான்...”

“நிறுத்து,” என்றார் மாஸ்டர்.

அவள் நிறுத்தவில்லை. “அந்த மூடியைத்தான் குழாயில...”

“நிறுத்துன்னா நிறுத்து. தப்புத் தப்பாச் சொல்றே.” சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். குரலில் கோபம் அப்படியே இருந்தது. “மாஸ்க் மூஞ்சியில இருக்கும்போது மூடியை எப்படிடி வாயில வைக்க முடியும்? முதல்ல மாஸ்க்கை எறக்கினேன். அப்புறம்தான் மூடியை வாயில வச்சேன்.”

டாக்டரின் பேனா நின்றது. எழுதியதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, நாற்காலியை மாஸ்டரம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒழுங்காச் சொல்லிப் பழகு,” என்றார் மாஸ்டர் சுவரிடம். “இனிமே நீதானே சொல்லணும்.”